பசையைக் குறை சொல்லும் முன்: ஒட்டிய இணைப்பில் இழைத் திசை செய்யும் வேலை

கார்பன் ஃபைபர் என்ற பேச்சு வந்தாலே "எஃகை விடப் பல மடங்கு பலம்" என்று யாராவது சொல்லிவிடுவார்கள். ஒட்டிய இணைப்பு ஒன்று பிய்ந்துவிட்டால் "பசை சரியில்லை" என்பார்கள். இரண்டிலும் பாதி உண்மைதான் இருக்கிறது. கார்பன் இழையின் பலம் ஒரு திசைக்கு மட்டும் உரியது. இணைப்பு உடையும்போது பசை முழுசாக இருக்க, அதற்கு அடியில் இருந்த பொருள் கிழிந்து வந்திருப்பது அடிக்கடி நடக்கும் சங்கதி.

கார்பன் இழைத் தகடு பல மெல்லிய அடுக்குகளால் ஆனது. அதில் பசையைத் தொட்டுக்கொண்டு இருக்கும் முதல் அடுக்கின் கனம் பெரும்பாலும் 0.125 மில்லிமீட்டர்தான். அதற்குள் இழைகள் எந்தப் பக்கமாகப் படுத்திருக்கின்றன என்பது இணைப்பின் பலத்தை வெகுவாக மாற்றிவிடும். எப்படி என்று படிப்படியாகப் பார்ப்போம்.

விறகும் செய்தித்தாளும்

ஒரு மரக்கட்டையை நிமிர்த்தி வைத்து மேலிருந்து கோடரியைப் போட்டால் ஒரே அடியில் இரண்டாகப் பிளக்கும். அதே கட்டையைப் படுக்கவைத்துக் குறுக்கே வெட்டினால் கை வலிக்கும் வரை வெட்டவேண்டும். மரம் ஒன்றுதான், கோடரியும் ஒன்றுதான். முதல் அடியில் கோடரி நார்களுக்கு இடையே புகுந்து அவற்றைப் பிரித்தது. இரண்டாவதில் நார்களையே அறுக்கவேண்டி வந்தது.

கோடரி இல்லாதவர்கள் பழைய செய்தித்தாளை எடுத்துக் கிழித்துப் பார்க்கலாம். ஒரு பக்கமாகக் கிழித்தால் அளவுகோல் வைத்தாற்போல நேராகக் கிழியும். மறுபக்கமாகக் கிழித்தால் கோணல்மாணலாகப் போகும். காகிதம் செய்யும் இயந்திரம் ஓடும் திசையில் அதன் நார்கள் வரிசையாகப் படிந்துவிடுவதுதான் காரணம். கிழிசலுக்கு நார்களின் ஊடே போவது சுலபம். அறுத்துக்கொண்டு போவது கஷ்டம்.

இந்த இரண்டு காட்சிகளையும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள். கட்டுரை முடியும் வரை இவை தேவைப்படும்.

கூட்டுப்பொருள் என்பது என்ன?

மெல்லிய, பலமான இழைகளைப் பிசினில் பதித்து இறுகவைத்தால் கிடைப்பது கூட்டுப்பொருள். இழை கார்பனாகவோ கண்ணாடியாகவோ இருக்கலாம்; பிசின் பெரும்பாலும் எபாக்ஸி. ஒரு கார்பன் இழையின் விட்டம் ஏறக்குறைய 7 மைக்ரான், அதாவது தலைமுடியில் பத்தில் ஒரு பங்கு. எல்லா இழைகளும் ஒரே பக்கம் ஓடும்படி செய்த ஒற்றைத் தாளுக்கு 'அடுக்கு' என்று பெயர். இப்படிப் பல தாள்களை வெவ்வேறு கோணங்களில் ஒன்றன்மேல் ஒன்றாக வைத்துச் சூடாக்கி இறுக்கினால் தகடு தயார்.

கோணத்தைச் சொல்லும் முறை எளிது. சுமை இழுக்கும் திசையிலேயே இழை ஓடினால் 0 டிகிரி. குறுக்கே படுத்திருந்தால் 90. சாய்ந்திருந்தால் 45, எதிர்ப்பக்கச் சாய்வென்றால் மைனஸ் 45.

இனி இரண்டு சொற்கள். ஒரு பொருள் நீளாமல், வளையாமல் முரண்டு பிடிக்கும் குணம் 'விறைப்பு'. உடையாமல் தாங்கும் அளவு 'வலிமை'. பேச்சில் இரண்டையும் ஒன்றாகவே குழப்பிக்கொள்கிறோம். ஆனால் கண்ணாடி விறைப்பானது, சட்டென்று உடையும். ரப்பர் தொளதொளவென்றிருக்கும், லேசில் அறாது.

இரண்டையும் அளக்கும் அலகு பாஸ்கல், அதாவது ஒரு குறிப்பிட்ட பரப்பின் மேல் விழும் விசை; ஆயிரம் மெகாபாஸ்கல் ஒரு ஜிகாபாஸ்கல். விமானத்தில் பயன்படும் வகைக் கார்பன்-எபாக்ஸி அடுக்கை 0 டிகிரியில் இழுத்தால் விறைப்பு சுமார் 140 ஜிகாபாஸ்கல், வலிமை சுமார் 2000 மெகாபாஸ்கல். அதே அடுக்கை 90 டிகிரியில் இழுத்தால் விறைப்பு சுமார் 10 ஜிகாபாஸ்கல், வலிமை சுமார் 50 மெகாபாஸ்கல். வலிமையில் நாற்பது மடங்கு வித்தியாசம்! குறுக்கே இழுக்கும்போது இழைகளுக்கு வேலையே இல்லை. நடுவில் இருக்கும் பிசின்தான் தாங்குகிறது.

"சரி, கொஞ்சம் கோணம் தப்பினால் என்ன?" என்று கேட்பவர்களுக்கு ஒரு கணக்கு. மேலே சொன்ன அடுக்கைத் தனியாக எடுத்து, இழையை 10 டிகிரி மட்டும் சாய்த்து இழுத்தால் விறைப்பு 140-லிருந்து 80 ஜிகாபாஸ்கலுக்கு இறங்கிவிடும். 30 டிகிரியில் ஏறக்குறைய 21. அதன்பின் 90 வரை பெரிய மாற்றமில்லை. விழ வேண்டியதெல்லாம் முதல் சில டிகிரிகளிலேயே விழுந்துவிடுகிறது. தகட்டுக்குள் பக்கத்து அடுக்குகள் பிடித்துக்கொள்வதால் அங்கே இவ்வளவு மோசமாகாது. ஆனாலும் தாளை வார்ப்பு அச்சில் விரிக்கும் கை ஏன் இவ்வளவு நிதானமாக நகர்கிறது என்பது இதிலிருந்து புரியும்.

இதுவரை பார்த்தது: இழையோடு இழுத்தால் இழை தாங்கும், குறுக்கே இழுத்தால் பிசின் தாங்கும். இரண்டுக்கும் மலைக்கும் மடுவுக்கும் உள்ள வித்தியாசம்.

ஒட்டிய இடத்தில் சுமை எப்படிக் கடக்கிறது?

இரண்டு தகடுகளின் ஓரங்களை ஒன்றன்மேல் ஒன்றாக வைத்து நடுவே பசை தடவி ஒட்டுவதே மிக எளிய இணைப்பு. இதை மேலொட்டு இணைப்பு என்போம். இரு முனைகளையும் பிடித்து இழுத்தால், மேல் தகட்டிலிருந்த சுமை பசை வழியாகக் கீழ்த் தகட்டுக்கு இறங்கவேண்டும். அப்போது பசையின் மேல்முகம் ஒரு பக்கமும் கீழ்முகம் மறுபக்கமும் நகரப் பார்க்கும். ஒரு சீட்டுக்கட்டை மேலே கைவைத்துத் தள்ளினால் சீட்டுகள் ஒன்றன்மேல் ஒன்று சறுக்குமே, அதுபோல. இந்த விசை 'சறுக்கு விசை'.

பலரும் இங்கேதான் ஏமாறுகிறார்கள். ஒட்டிய பரப்பு முழுவதும் சுமையைச் சமமாகப் பங்கிட்டுக்கொள்ளும் என்று நினைக்கிறோம். அப்படியென்றால் ஒட்டும் நீளத்தை இரட்டிப்பாக்கினால் பலமும் இரட்டிப்பாகவேண்டும். ஆவதில்லை.

இரண்டு அகலமான ரப்பர் பட்டைகளை ஓரத்தில் ஒட்டி இழுப்பதாகக் கற்பனை செய்யுங்கள். ஒட்டிய பகுதியின் ஒரு விளிம்பில் மேல் பட்டை முழுச் சுமையையும் தாங்கி நன்றாக நீண்டிருக்கும். அதே இடத்தில் கீழ்ப் பட்டையின் நுனி சும்மா கிடக்கும். அது நீளவே இல்லை. நீண்டதும் நீளாததும் நேருக்கு நேர் ஒட்டியிருப்பதால் அந்த வித்தியாசம் முழுவதும் பசையின் தலையில் விழுகிறது. மறு விளிம்பிலும் இதே கதைதான், ஆட்கள் மட்டும் இடம் மாறியிருப்பார்கள். நடுப்பகுதியில் இரு பட்டைகளும் ஏறக்குறைய சமமாக நீண்டிருப்பதால் பசைக்குச் சிரமமே இல்லை. இதை 1938-லேயே வோல்கெர்சன் என்ற ஆய்வாளர் கணக்காக எழுதிக் காட்டிவிட்டார்.

ரப்பருக்குப் பதில் நீளவே மறுக்கும் விறைப்பான தகடுகள் என்றால் விளிம்பில் வித்தியாசம் குறையும், சுமை இன்னும் சமமாகப் பரவும். இழைத் திசை முதன்முதலில் உள்ளே நுழைவது இங்கேதான். தகட்டில் 0 டிகிரி அடுக்குகள் அதிகமானால் சுமைத் திசையில் விறைப்பு கூடும், விளிம்பில் பசை படும் பாடு குறையும். பசையைத் தொடாமலேயே பசைக்கு நல்லது செய்துவிடலாம்.

அப்புறம் இன்னொரு தொல்லை இருக்கிறது. மேல் தகடும் கீழ்த் தகடும் ஒரே கோட்டில் இல்லை. இழுத்தால் இரண்டும் நேர்க்கோட்டுக்கு வரப் பார்த்து, ஒட்டிய பகுதி லேசாகத் திரும்பும்; தகடுகள் வளையும்; விளிம்புகள் தூக்கிக்கொள்ளும். ஒரு செல்லோடேப்பை மேசையில் ஒட்டி, மேசையோடு கிடையாக இழுத்துப் பாருங்கள், அசையாது. ஓரத்தை நகத்தால் கிளப்பி மேல்நோக்கி இழுங்கள், சுகமாக வந்துவிடும். இப்படி விளிம்பைக் கிளப்பும் விசைக்கு 'உரிப்பு விசை' என்று பெயர். தகடுகளின் இந்த வளைவையும் கணக்கில் சேர்த்தவர்கள் கோலண்ட், ரெய்ஸ்னர் என்ற இரு ஆய்வாளர்கள், 1944-ல்.

கனத்தின் பக்கம் இழையே இல்லை

உரிப்பு விசை உலோகத் தகட்டுக்குப் பெரிய கவலை இல்லை. எஃகை நீளவாட்டில் இழுத்தாலும் கனவாட்டில் இழுத்தாலும் ஏறக்குறைய ஒரே பலம்தான். அடுக்குத் தகட்டின் நிலைமை வேறு. 0, 45, 90 என்று என்ன கோணம் போட்டாலும் எல்லா இழைகளும் தகட்டின் தளத்திலேயே படுத்திருக்கின்றன. மேலிருந்து கீழாக ஓடும் இழை ஒன்றுகூட இல்லை. ஒரு புத்தகத்தின் தாள்களை எந்தப் பக்கம் திருப்பி அடுக்கினாலும், அட்டையைப் பிடித்து மேலே தூக்கினால் தாள்கள் பிரியத்தான் செய்யும். அந்தப் பக்கம் தகட்டின் பலம் பிசினின் பலம்தான், சில பத்து மெகாபாஸ்கல்.

நல்ல எபாக்ஸிப் பசை இதே அளவு பலமுடையது, பெரும்பாலும் இதைவிட அதிகம் நீண்டும் கொடுக்கும். ஆகவே விளிம்பைக் கிளப்பும்போது பசைக்கு முன்பே தகட்டின் மேல் அடுக்கு பிரிந்து வருவதில் ஆச்சரியம் ஒன்றுமில்லை.

கனத்தின் பக்கம் எந்தக் கோணமும் உதவாது என்றால் இழைத் திசையைப் பற்றி ஏன் இவ்வளவு பேச்சு என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. திசை இரண்டு வேலைகளைச் செய்கிறது. தகடு எவ்வளவு நீளும், எவ்வளவு வளையும் என்பதைத் தீர்மானித்து, விளிம்பில் எவ்வளவு சறுக்கும் உரிப்பும் வரும் என்பதை நிர்ணயிக்கிறது. விரிசல் ஒன்று பிறந்துவிட்டால் அது எந்த வழியாகப் போகும் என்பதையும் அதுவே முடிவு செய்கிறது.

சுருக்கமாக: சுமை விளிம்புகளில் குவிகிறது. அங்கே சறுக்கு விசை, உரிப்பு விசை இரண்டும் உச்சத்தில் இருக்கின்றன. உரிப்பைத் தாங்க இழை எதுவும் இல்லை.

பசையைத் தொடும் அடுக்கு

இனி விளிம்பை ஒட்டிய அந்த 0.125 மில்லிமீட்டருக்குள் நுழைந்து பார்ப்போம். மேசைமேல் பத்துப் பன்னிரண்டு பென்சில்களை நெருக்கமாகப் பக்கத்தில் பக்கத்தில் அடுக்கி, மேலே ஒரு கனமான புத்தகத்தை வையுங்கள். உருண்டைப் பென்சிலாக இருக்கட்டும். புத்தகத்தைப் பென்சில்களின் நீளவாட்டில் தள்ளினால் அழுத்தமாக எதிர்க்கும். குறுக்குவாட்டில் தள்ளினால் பென்சில்கள் உருண்டு புத்தகம் வண்டிபோல ஓடிவிடும்.

புத்தகம்தான் பசை, பென்சில்கள்தான் முதல் அடுக்கின் இழைகள். முதல் அடுக்கு 0 டிகிரி என்றால் பசை தரும் சுமையை இழைகள் நேரடியாக வாங்கிக்கொண்டு நீளவாட்டில் கொண்டுபோய்விடும். 90 டிகிரி என்றால் இழைகள் உருளப் பார்க்கும். இடையில் உள்ள பிசின்தான் அவற்றைப் பிடித்து நிறுத்தவேண்டும். சுமையும் அங்கே தங்காது. அந்த அடுக்கைத் தாண்டி, உள்ளே இருக்கும் 0 டிகிரி அடுக்கைத் தேடிப் போகும். போகும் வழியெல்லாம் பிசின்.

இதோடு நிற்பதில்லை. தகடு வளையும்போது ஒட்டுப் பகுதியின் விளிம்பில் அதன் பசைப்பக்க முகம்தான் நீள்கிறது. சுமை இழுக்கும் நீட்சி ஒன்று, வளைவு தரும் நீட்சி இன்னொன்று, இரண்டும் சேர்ந்து அந்த முதல் அடுக்கில் விழுகின்றன. 0 டிகிரி அடுக்கு ஏறக்குறைய 1.4 சதவீதம் நீளும் வரை தாங்கும். 90 டிகிரி அடுக்கோ அரை சதவீதத்திலேயே இழைகளுக்கு இடையில் கீறல் விட்டுவிடும். விறகு பிளந்த மாதிரியேதான். அந்தக் கீறல் அடுக்கின் கனத்தைத் துளைத்துக்கொண்டு அடுத்த அடுக்கு வரை இறங்கும். அங்கே குறுக்கே அறுக்கவேண்டிய இழைகள் வழிமறிக்கும். விரிசல் சளைக்காமல் பக்கவாட்டில் திரும்பி, இரண்டு அடுக்குகளுக்கு நடுவே ஓட ஆரம்பிக்கும். அடுக்குகள் இப்படிப் பிரிவதை 'அடுக்குப் பிரிவு' என்கிறார்கள். பசை ஒட்டியது ஒட்டியபடியே இருக்க, தகட்டின் தோல் உரிந்துவிடும்.

0 டிகிரி அடுக்கில் இப்படிக் கீழே இறங்க வழி இல்லை. இறங்கவேண்டுமானால் இழைகளை அறுக்கவேண்டும். விரிசல் பசைக்குள்ளோ மேற்பரப்புப் பிசினிலோதான் ஓடியாகவேண்டும். 45 டிகிரி இடைப்பட்ட நிலை. கீறல் சாய்வாக ஓடும், அடுத்த அடுக்கு மைனஸ் 45 என்றால் அங்கே தடுக்கப்படும். ஆகவே பசையைத் தொடும் அடுக்கு 0 அல்லது 45 டிகிரியில் இருக்கட்டும், 90 வேண்டாம் என்பது வடிவமைப்பாளர்கள் நடைமுறையில் பின்பற்றும் விதி.

இதற்கு ஒரு மறுபக்கம் உண்டு. 90 டிகிரி அடுக்கில் விரிசல் சீக்கிரம் பிறக்கும் என்பது சரி. ஆனால் பிறந்த விரிசல் மேலும் கீழும் வளைந்து நெளிந்து போனால், நேராக ஓடுவதைவிட அதிக ஆற்றல் செலவாகும். முதல் கீறல் எப்போது என்பது ஒரு கேள்வி, கடைசியில் எப்போது பிய்கிறது என்பது வேறு கேள்வி. வேண்டுமென்றே விரிசலை அலையவிட்டு அதைக் களைக்கவைக்கும் ஆய்வுகளும் நடக்கின்றன. "90 என்றாலே மோசம்" என்று மனப்பாடம் செய்துகொள்ளாமல், எந்தக் கேள்விக்குப் பதில் தேடுகிறோம் என்று பார்க்கவேண்டும்.

அதே தாள்கள், வேறு வரிசை

எனக்கு மிகவும் பிடித்த பகுதி இது. கணக்கு சின்னது, ஆனால் விடை தூக்கிவாரிப் போடும்.

நான்கு அடுக்குகள் எடுத்துக்கொள்வோம்: இரண்டு 0 டிகிரி, இரண்டு 90 டிகிரி. முதல் தகட்டில் 0 வெளியே, 90 உள்ளே: 0, 90, 90, 0. இரண்டாவதில் தலைகீழாக: 90, 0, 0, 90. இழை ஒன்று, எடை ஒன்று, கனம் ஒன்று. நேராக இழுத்தால் இரண்டின் விறைப்பும் 140-க்கும் 10-க்கும் நடுவில், 75 ஜிகாபாஸ்கல்.

இப்போது வளைத்துப் பார்ப்போம். வளையும்போது நடுக்கோட்டுக்குப் பக்கத்தில் இருக்கும் பொருளுக்கு வேலை குறைவு, வெளியே இருப்பதற்குத்தான் வேலை அதிகம். நான்கு சம அடுக்குகளில் வெளி இரண்டும் வளைவு எதிர்ப்பில் எட்டில் ஏழு பங்கை வகிக்கும். உள் இரண்டுக்கும் சேர்த்து எட்டில் ஒரு பங்குதான். முதல் தகட்டின் வளைவு விறைப்பு 140-இல் எட்டில் ஏழும் 10-இல் எட்டில் ஒன்றும் சேர்ந்து ஏறக்குறைய 124. இரண்டாவது தகட்டுக்கு 10-இல் எட்டில் ஏழும் 140-இல் எட்டில் ஒன்றும் சேர்ந்து 26. ஏறக்குறைய ஐந்து மடங்கு வித்தியாசம், ஒரு தாள்கூடக் கூடவோ குறையவோ இல்லாமல்!

வளைவு குறைந்தால் விளிம்பு கிளம்புவது குறையும், உரிப்பு விசை தணியும். முதல் தகட்டில் பசையைத் தொடுவதும் 0 டிகிரி அடுக்கு. ஒரே மாற்றத்தில் இரண்டு லாபம். இரண்டாவது தகட்டுக்கு இரண்டு நஷ்டம். "இதில் 50 சதவீதம் 0 டிகிரி இழை இருக்கிறது" என்று மட்டும் சொன்னால் இணைப்பைப் பற்றி எதுவும் தெரியாது என்பது இதனால்தான்.

எல்லாவற்றையும் 0 டிகிரியிலேயே வைத்துவிட்டால்?

வைக்க முடியாது. எல்லா இழையும் ஒரே பக்கம் ஓடினால் தகடு விறகாகிவிடும். குறுக்கே சின்ன விசை வந்தாலும் நீளவாட்டில் பிளக்கும். அதனால் 0, 45, மைனஸ் 45, 90 ஆகிய நான்கு திசைகளிலும் குறைந்தது பத்துப் பத்துச் சதவீதமாவது இழை இருக்கவேண்டும் என்பது விமானத் துறையில் பரவலான வழக்கம். ஏதாவது வந்து மோதினால் தாங்கட்டும் என்று வெளி அடுக்கை 45 டிகிரியில் போடுவதும் உண்டு. ஒட்டுபவர் வெளியே 0 கேட்பார், மோதலுக்குப் பயப்படுபவர் 45 கேட்பார். பேசித் தீர்த்துக்கொள்வார்கள்.

0 என்பது எதற்கு 0 என்பதும் முக்கியம். காற்றாலை இறக்கையை எடுத்துக்கொள்ளுங்கள். இரண்டு ஓடுகளைத் தனித்தனியாகச் செய்து பசையால் ஒட்டுகிறார்கள். வளைவைத் தாங்கும் முதுகெலும்புப் பட்டையில் இழைகள் இறக்கையின் நீளவாட்டில் ஓடும். வரைபடத்தில் அதுதான் 0. ஆனால் விளிம்பில் இரு ஓடுகளையும் குறுக்குவாட்டில் விரியவைக்கும் விசை வந்தால், அந்த ஒட்டின் பார்வையில் நீளவாட்டு இழை 90 டிகிரி! பாகத்தின் 0 வேறு, இணைப்பின் 0 வேறு. பாகத்தின் வரைபடத்தை மட்டும் பார்த்து இணைப்பை எடைபோட்டால் இங்கேதான் சறுக்கும்.

உலோகத்தோடு ஒட்டும்போது வெப்பமும் வந்து சேரும். கார்பன் அடுக்கு இழைத் திசையில் சூட்டுக்கு ஏறக்குறைய விரிவதே இல்லை. அலுமினியம் ஒரு டிகிரிக்குப் பத்து லட்சத்தில் 23 பங்கு விரியும். 120 டிகிரி செல்சியசில் ஒட்டி 20 டிகிரிக்கு ஆறவிட்டால், ஒரு மீட்டர் அலுமினியம் 2.3 மில்லிமீட்டர் சுருங்கப் பார்க்கும். பக்கத்திலிருக்கும் கார்பன் அசையாது. ஒரு சுமையும் வைக்கும் முன்பே பசை இழுபடத் தொடங்கிவிடும். இழைக்குக் குறுக்குத் திசையில் மட்டும் கார்பன் அடுக்கு அலுமினியத்துக்குக் கிட்டத்தட்ட இணையாக விரிகிறது. இங்கே 90 நல்ல பிள்ளை.

சாய்வாகச் சீவி ஒட்டும்போது

சேதமான தகட்டைப் பழுதுபார்க்க, ஓரத்தை மிகத் தட்டையான சரிவாகச் சீவி, அதே சரிவுள்ள ஒட்டுத்துண்டை வைத்து ஒட்டுவார்கள். ஒரு பங்கு கனத்துக்கு இருபது பங்கு நீளம், சில சமயம் அதற்கும் மேல். இதில் கோணலான வளைவு பெருமளவு ஒழிந்துவிடும், உரிப்பும் அதோடு போய்விடும். ஆனால் சரிவில் எல்லா அடுக்குகளும் வெட்டுப்பட்டு, ஒவ்வொன்றும் பசையை நேருக்கு நேர் பார்க்கும். 0 டிகிரி அடுக்கு முடியும் இடத்தில் பசைக்கு அதிகச் சுமை, 90 முடியும் இடத்தில் குறைவு. சீவிய முகத்தைப் பார்த்தால் மரத்தின் வளையங்கள்போலப் பட்டை பட்டையாகத் தெரியும். பசை சுமப்பதும் அப்படித்தான் பட்டை பட்டையாக. ஒட்டுத்துண்டின் ஒவ்வொரு அடுக்கையும் பழைய தகட்டின் அதே கோண அடுக்குக்கு நேராக வைப்பதற்குக் காரணம் இதுதான். ஒரு தாள் இடம் மாறினாலும் 0-இலிருந்து வரும் சுமை 90-இன் மேல் போய் முட்டும்.

உடைந்த முகத்தைப் படிப்பது

இழுத்து உடைத்த மாதிரித் துண்டைக் கையில் வாங்கியதும் பலர் முதலில் கேட்பது எத்தனை மெகாபாஸ்கல் என்றுதான். எண்ணுக்கு முன் முகத்தைப் பாருங்கள். இரு பக்கமும் பசை ஒட்டியிருந்தால் பசைக்குள்ளேயே உடைந்திருக்கிறது. ஒரு பக்கம் மொழுமொழுவென்று பசையே இல்லாமல் இருந்தால் பசை அங்கே பிடிக்கவே இல்லை. மேற்பரப்பைத் தயார் செய்ததில் கோளாறு. இது மூன்றிலும் மோசமானது, இழைத் திசையை மாற்றி இதைச் சரிசெய்ய முடியாது.

மூன்றாவது வகையில் பசைமேல் கறுப்பு இழைகள் ஒட்டிக்கொண்டு வந்திருக்கும். எதிர்த் தகட்டில் அவை உரிந்துபோன பள்ளம் இருக்கும். அங்கே அளந்த எண் தகட்டின் முதல் அடுக்கினுடையது. விரலால் தடவிப் பாருங்கள். ஒட்டியிருக்கும் இழைகள் சுமைக்குக் குறுக்கே கிடந்தால், இன்னும் விலை உயர்ந்த பசையை வாங்கித் தடவி மறுபடி இழுத்தாலும் ஏறக்குறைய அதே எண்ணில்தான் உடையும்.